நோர்பரியில் நீங்கள் காலமான விபரம்

நோர்பரி, லண்டன்
12.01.2026

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அண்ணை பாலேந்திரா அவர்களுக்கு,

தம்பி வாமதேவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஜெயகௌரியும் மகள் கௌசியும் சுகம். குளிர்தான் கொஞ்சம் கூட. வழக்கமாக இந்த இடத்தில் தங்கள் சுகத்துக்கு இறைவனை வேண்டுவதாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். இந்த முறை அப்படிப் போக ஏலாது. நீங்கள் சுகமாக இருக்கவேண்டும், அதுவும் நாலு பேர் கண்ணால் காணக்கூடிய மாதிரிச் சுகமாக இருக்கவேண்டும். ஏனெனில் கடந்த வெள்ளிக்கிழமை நீங்கள் நோர்பரியில் காலமாகிவிட்டீர்கள்.

பதறவேண்டாம். கதிரையில் இருந்தபடியே வாசியுங்கோ. நீங்கள் என்னோடு கதைத்து நாலு வருசம். என் நம்பரைக் கண்டால் உங்கள் போன் எடுபடாது. அதனால்தான் கடிதம். இருபத்தாறு வருசம் தபாற்கந்தோரில் ஊரார் கடிதங்களை அடுக்கி ஓய்வு பெற்ற நான், என் கைப்பட ஒரு கடிதம் எழுதுவது இது இரண்டாம் தரம். முதலாவது கவுன்சிலுக்கு எழுதிய முறைப்பாடு, அதற்கு இன்றுவரை பதில் இல்லை. விஷயம் இதுதான்: வருகிற இருபத்தைந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை குரோய்டன் மண்டபத்தில் உங்கள் பெறாமகள் கௌசிக்கு நிச்சயதார்த்தம். நீங்கள் உயிரோடு வந்து முன்வரிசையில் இருக்காவிட்டால் அது நடக்காது. ஏன் என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன், நடுவில் கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசியுங்கோ.

எல்லாம் அந்தக் கிறிஸ்மஸ் மரத்தில் தொடங்கியது. நாங்கள் சைவம் என்றாலும், கௌசி நாலு வயதில் பள்ளிக்கூடத்தால் வந்து எல்லார் வீட்டிலும் மரம் நிற்குது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்று அழுததில் வாங்கிய பிளாஸ்டிக் மரம், இருபத்தைந்து வருசமாக மார்கழி மாதம் எங்கள் ஹோலில் நிற்கும். ஜெயகௌரி திருவெம்பாவைக்கு விளக்கேற்றுவதும் அதற்குப் பக்கத்தில்தான், இரண்டும் இதுவரை ஒன்றோடொன்று சண்டை பிடித்ததில்லை. ஆறாம் திகதி மரத்தைக் கழற்றிப் பெட்டியில் அடைத்தேன். ஹோல் மொட்டையாகத் தெரிந்தது. எனக்கு அது போதும், ஆனால் கௌசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்பா, கிறிஸ்மஸ் முடிஞ்சா கிறிஸ்மஸ் சாமானைத்தான் எடுக்கிறது. வின்ரர் இன்னும் மூண்டு மாசம் இருக்கு. இப்ப வின்ரர் லுக் செய்யவேணும். நோ ரெட், நோ கிறீன். வைட் மட்டும்." மாப்பிள்ளைப் பிள்ளையின் தாய் துசியந்தி, அப்டன் பார்க்கில் இருக்கிறவ, பதினோராம் திகதி ஞாயிறு வீட்டுக்கு வந்து நிச்சயதார்த்த அலுவல் கதைக்கப்போகிறா என்பதால் ஜெயகௌரியும் மகளோடு சேர்ந்துகொண்டாள். துசியந்தியின் வீடு புத்தகத்தில் போடுகிற மாதிரி இருக்குமாம். எங்கள் வீடு மட்டும் என்ன குறைச்சல் என்று இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள்.

சிவப்பும் பச்சையும் முதலில் வெளியேறின. லட்சுமி படம் போட்ட காலண்டர் குசினிக்குப் போனது. என்னுடைய மெரூன் சோஃபாவுக்கு மேலே வெள்ளைப் படுக்கை விரிப்பு, மேசைக்கும் வெள்ளை விரிப்பு. டீவி கறுப்பாய்ப் பூதம் மாதிரி நிற்குதென்று அதையும் வெள்ளைத் துணியால் போர்த்தாள். இடம் கூடத் தெரியவேண்டும் என்று கதிரைகளையெல்லாம் சுவரோரமாகத் தள்ளி நடு ஹோலை வெறுமையாக விட்டாள். கவுன்சில்காரன் எடுத்துப்போகட்டும் என்று பின்வளவில் நான் வெட்டிப் போட்டிருந்த பட்ட கொப்புகளைப் பொறுக்கி வந்து, கழுவி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, வாசலில் இரண்டு சாடிகளில் வைத்தாள். பட்ட கொப்பை வீட்டு வாசலில் வைக்கிறதோ என்று ஜெயகௌரி முணுமுணுத்தாள், ஆனால் துசியந்தி வீட்டிலும் இருக்குதாம் என்றதும் அடங்கிவிட்டாள். குளிர் காய்கிற நெருப்பு மேடைத் தட்டில் பனி மாதிரி இருக்கட்டும் என்று ஒரு றாத்தல் பஞ்சை உதறிப் பரப்பினார்கள். அதற்கு மேல் வெள்ளை மெழுகுதிரிகள். மெழுகுதிரியின் வாசம் தனக்குத் தலையிடி என்று ஜெயகௌரி அதை அடக்க சாம்பிராணி போட்டாள். அண்ணை, நீங்கள் கெட்டிக்காரர், இதுவரை வாசித்ததிலேயே உங்களுக்கு விளங்கியிருக்கும். வீட்டுக்குள்ளேயே இருந்த எங்கள் மூன்று பேருக்கும் ஒரு துளியும் விளங்கவில்லை.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். நீங்கள் எண்பத்தாறில் ஜேர்மனிக்குப் போய் இறங்கி முதலாவது பனியில் நின்று எடுத்து அனுப்பிய படம், முழங்கால் வரைக்கும் தொங்குகிற இரவல் கோட்டோடு, கையுறை இல்லாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு அதைப் பெருப்பித்து, கண்ணாடி போட்டு ஹோலில் மாட்டியிருந்தேன். பிறகு உங்கள் மகள் தக்ஷிகாவின் கலியாணத்துக்கு டோர்ட்முண்ட் வந்து, மூன்றாம் வரிசையில் இருந்து, எல்லாக் குடும்பமும் மேடையேறிப் படம் எடுத்து முடியும்வரைக்கும் என் பெயரை யாரும் கூப்பிடாமல், புகைப்படக்காரன் கமராவைப் பெட்டியில் வைக்கிறதைப் பார்த்துவிட்டு வந்தேன் அல்லவா, வந்த அன்றே அந்தப் படத்தைக் கழற்றி லொஃப்டில் சுவரைப் பார்க்க வைத்துவிட்டேன். கிறிஸ்மஸ் மரப் பெட்டியை லொஃப்டில் வைக்கப்போன இடத்தில் கௌசி அதைக் கண்டுபிடித்து இறக்கி வந்தாள். "அப்பா, பெரியப்பான்ரை ஸ்னோப் படம் மேலையோ கிடந்தது?" "ஓம்." "வாவ், பெர்ஃபெக்ட். பிளாக் அன்ட் வைட்!" நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்க முதல் நீங்கள் பஞ்சுக்கு நடுவில், இரண்டு மெழுகுதிரிகளுக்கு இடையில் ஏறி நின்றுவிட்டீர்கள்.

அதோடு நின்றிருந்தாலும் தப்பியிருப்பீர்கள். முன்கதவில் மாட்ட என்று கௌசி வெள்ளைப் பூவும் காய்ந்த இலையும் வைத்துக் கட்டிய ஒரு வளையம் வாங்கி வந்திருந்தாள். இங்கே வெள்ளைக்காரர் வீட்டுக் கதவெல்லாம் அது தொங்கும். வியாழக்கிழமை பின்னேரம் அதைக் கதவில் மாட்டினோம், மாட்டினதுதான் தாமதம், கதவிலிருந்த ஆணி கழன்று விழுந்துவிட்டது. விழுந்ததை என் கண்ணால் கண்டேன். ஆணி பழையது, கதவும் பழையது, குளிருக்குப் பலகை சுருங்கும், இதில் ஒருவரிலும் பிழை சொல்ல ஏலாது. வளையத்தை நிலத்திலா வைப்பது என்று, கைக்கு எட்டிய இடத்தில், உங்கள் படத்தின் மேல்மூலையில் கொழுவ, அது தன்பாட்டில் வழுகி உங்கள் கழுத்தைச் சுற்றி வடிவாய் நின்றுவிட்டது. ஆணி விழாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திராது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கோ.

வெள்ளிக்கிழமை காலை கோயில் பொங்கல் நோட்டீஸ் கொடுக்க யோகராஜா வந்தார், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். கதவைத் திறந்தது ஜெயகௌரி, வெள்ளி முழுக்குப் போட்டுத் தலைமயிரை விரித்துவிட்டு, முதல்நாள் அடித்த பெயின்ட் மணத்தில் கண்ணெல்லாம் சிவந்தபடி. நான் புதுவருசத்திலிருந்து சவரம் செய்யவில்லை, ஓய்வு பெற்றவன் யாருக்காகச் செய்வது. யோகராஜா வாசல் கொப்பைப் பார்த்தார், ஹோலைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோரக் கதிரையில் வந்து குந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தேத்தண்ணி போடச் சொன்னேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நல்ல மனுசன்," என்றார், முன்பு ஹோலில் தொங்கிய காலத்திலிருந்தே அவருக்குப் பழக்கமான உங்கள் படத்தைக் காட்டி. "ஓம்," என்றேன், நாலு வருசத்தில் உங்களைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல சொல் அது. பிறகு எழும்பி, போட்டு வாறன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம். இருபது வருசப் பழக்கம், ஒரு போட்டு வாறன் சொல்லத் தெரியாதா இந்த மனுசனுக்கு என்று ஜெயகௌரியிடம் கத்தினேன். போட்டு வாறன் என்று சொல்லாமல் எழும்பிப் போவது எந்த வீட்டில் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் மூளைக்கு ஓடவில்லை.

பின்னேரத்திலிருந்து சாப்பாடு வரத் தொடங்கியது. முதலில் இடியப்பமும் சொதியும். பிறகு புட்டு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. அதுக்குப் பிறகு மறுபடி இடியப்பம். கொண்டுவந்த ஆட்கள் எல்லாரும் ஹோலை ஒருதரம் எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, ஜெயகௌரியின் தோளைத் தடவி, சொல்லாமலே போனார்கள். லண்டன் சனம் திருந்திவிட்டுது, புதுவருசத்தில் அயலுக்குச் சாப்பாடு கொடுக்கப் பழகிவிட்டுது, பழக்கவழக்கம் மட்டும்தான் இல்லை என்று நான் நினைத்தேன். எல்லாம் மரக்கறியாய் இருக்கே, ஒருவராவது ஒரு மீன் துண்டு வைக்கக்கூடாதோ என்றுகூடக் குறைப்பட்டேன். கௌசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா, எல்லாரும் வந்து ஹோலை எப்பிடிப் பாக்கினம் கண்டீங்களோ? ஒரு ஆன்ரி அழுதிட்டா!"

சனிக்கிழமை காலை தில்லையம்பலம் மாஸ்டர் வந்தார். நோர்பரியில் யாருக்கு எது நடந்தாலும் நோட்டீஸ் எழுதுகிறவர் அவர்தான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளை விரித்து, "தம்பி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒருக்கால் கேளுங்கோ, பிழை இருந்தால் திருத்துவம்," என்று வாசிக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ஜேர்மனியை வதிவிடமாகவும் கொண்ட பாலேந்திரா அவர்கள் வெள்ளிக்கிழமை இறைவனடி சேர்ந்தார். அன்னார் கமலாம்பிகையின் அன்புக் கணவரும், தக்ஷிகாவின் பாசமிகு தந்தையும், வாமதேவனின் பாசமிகு சகோதரரும் ஆவார்.

அண்ணை, இந்த இடத்தில் பகிடி இல்லை. எனக்கு அந்த நிமிசத்தில் பஞ்சும் தெரியவில்லை, படமும் தெரியவில்லை, கௌசியின் வின்ரர் லுக்கும் நினைவுக்கு வரவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்து, நோட்டீஸும் எழுதி முடிந்தபிறகு, கோபத்தில் இருக்கிறான் என்று எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லாமல் விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சாப்பாடு வந்ததும், யோகராஜா கையைப் பிடித்ததும் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது, விளங்கினதும் பிழையாக விளங்கியது. என் வீட்டுச் செத்தவீட்டுக்கு நானே கடைசி ஆளாய் வந்து சேர்ந்தேன். பாசமிகு சகோதரர் என்று எழுதியிருந்ததை வெட்டச் சொல்லவும் வாய் வரவில்லை, விடச் சொல்லவும் வரவில்லை. குழறி அழுதேன். நான் அழ, ஜெயகௌரியும் அதையே நம்பிக் குழறினாள். மாஸ்டரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கௌசி ஒருத்திதான் உங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தாள். கமலாம்பிகை அண்ணிதான் எடுத்தவ. "அவரோ? வெளியிலை நிண்டு ஸ்னோ வழிக்கிறார் பிள்ளை, இப்பத்தான் இரண்டு தோசை சாப்பிட்டவர்," என்றா. ஸ்பீக்கரில் அதைக் கேட்டு நான் மாஸ்டரின் மடியிலேயே சாய்ந்துவிட்டேன். பிறகு கௌசி விஷயத்தைச் சொல்லி, பெரியப்பாவை ஒருக்கால் வீடியோவில் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க, பின்னால் உங்கள் குரல் கேட்டது: "செத்தவன் எப்பிடியடி போனிலை கதைக்கிறது? அப்பனிட்டைக் கேள்!"

நல்ல பதில்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதிலால் வந்த வினையைக் கேளுங்கோ. சனி பின்னேரமே வெள்ளை எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்தோம். எடுத்தபிறகு ஹோல் செத்தவீடு முடிந்து கழுவிவிட்ட வீடு மாதிரி இருந்தது, அது இன்னும் மோசம். நாளைக்குத் துசியந்தி வாறா, வீடு கலகலப்பாய் இருக்கவேண்டும் என்று ஜெயகௌரி பதறினாள். கைவசம் இருந்த ஒரே கலகலப்பு லொஃப்டில்தான் இருந்தது. ஆகவே ஜனவரி பதினோராம் திகதி காலை நான் கிறிஸ்மஸ் மரத்தைத் திரும்ப இறக்கி, லைற் எல்லாம் சுற்றி, மின்னவிட்டேன். ஜெயகௌரி கூறைச் சேலை நிறத்தில் ஒரு சிவப்புச் சேலை கட்டினாள். மணி அடித்தது. வெள்ளைச் சேலையோடு, கையில் இடியப்பத்தோடு, துசியந்தி நிற்கிறா, பின்னால் மாப்பிள்ளைப் பிள்ளையும். அவவுக்கும் செய்தி போயிருக்கிறது. மனுசி சிவப்புச் சேலையைப் பார்த்தா, மின்னுகிற மரத்தைப் பார்த்தா, முகம் மழித்து விபூதி பூசியிருந்த என்னைப் பார்த்தா.

"அண்ணை இருக்கிறார், ஸ்னோ வழிக்கிறார்," என்றேன் நான், வணக்கம் சொல்லவும் மறந்து.

"எனக்கு விளங்குது," என்றா துசியந்தி, மிகவும் மெதுவாக. "பிள்ளையின்ரை காரியம் குழம்பக்கூடாதெண்டு மறைக்கிறியள். நானும் பெம்பிளைப்பிள்ளை பெத்தவள்தான். ஆனா கூடப்பிறந்த அண்ணையைச் சாகக் குடுத்திட்டு ஆரும் மரம் சோடிப்பினமோ?"

நான் சத்தியம் பண்ணினேன். உங்கள் வாட்ஸப் படத்தைக் காட்டினேன். படம் ஆளுக்குப் பிறகும் இருக்கும்தானே என்றா. தக்ஷிகாவின் கலியாண வீடியோவைப் போட்டேன், அது பழைய வீடியோ என்றா, அதோடு அதில் உங்களுக்குப் பக்கத்தில் நான் எங்குமே இல்லை என்பதையும் அவதானித்துச் சொன்னா. அண்ணியோடு கதைக்கச் சொன்னேன், அந்த மனுசியின் வாயாலும் பொய் சொல்லவைக்கிறீர்களா என்று கண்கலங்கினா. அவவின் தீர்மானம் இதுதான்: ஒரு மாதம் செத்தவீட்டுத் துடக்கு, ஒரு வருசம் நல்ல காரியம் இல்லை, வருசம் திரும்ப யோசிப்போம். அதற்குள் ஆள் உயிரோடுதான் என்றால், நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்துக்கு வரட்டும், தானே காலில் விழுந்து கும்பிடுகிறா. போகும்போது போட்டு வாறன் சொல்லவில்லை. மாப்பிள்ளை சஞ்சயன் நல்ல பிள்ளை, எங்கள் கௌசியில் உயிராய் இருக்கிறவன், பாவம், தாய்க்குப் பின்னாலேயே படியிறங்கினான். கௌசி அன்றிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். வின்ரர் லுக் என்ற சொல்லை இந்த வீட்டில் இப்போது ஒருவரும் எடுப்பதில்லை.

ஆகவே அண்ணை, தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள், அந்த வழி இந்த முறை டோர்ட்முண்டிலிருந்துதான் பிறக்கவேண்டும். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ. முன்வரிசையில் நடுக் கதிரை உங்களுக்கு. படம் எடுக்கிற நேரம் மைக்கைப் பிடித்து முதலில் உங்கள் பெயரைத்தான் கூப்பிடுவேன், மூன்று தரம் கூப்பிடுவேன், மண்டபத்தில் உள்ள அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்து நீங்கள் உயிரோடு நடந்து வாறதைக் காணட்டும். மூன்றாம் வரிசைக் கதையை நான் மறந்துவிட்டேன். உண்மையாக மறந்துவிட்டேன். மாஸ்டர் வாசித்த அந்த நிமிசத்திலிருந்து எனக்கு உங்களில் ஒரு துளி கோபம் இல்லை, இருந்ததும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கோ.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கோ. தக்ஷிகாவுக்கும் மருமகனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் நூறாண்டு காலம் நோய்நொடியில்லாமல், எல்லார் கண்ணிலும் படும்படியாக வாழ எல்லாம் வல்ல நல்லூரானை வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் பாசமிகு சகோதரன்
(மாஸ்டர் எழுதினதை நான் வெட்டவில்லை)
வாமதேவன்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் ஜெயகௌரி வாங்கி வாசிச்சவள். வாசிச்சுப்போட்டு, "உந்த ஆணிக் கதையை மட்டும் மாத்தி எழுதுங்கோ, இல்லாட்டி நான் கமலாம்பிகை அக்காவுக்குப் போன் எடுப்பன்" எண்டு நிக்கிறாள். அதாலை இதை எழுதுறன், அண்ணிக்குக் காட்டாதையுங்கோ. ஆணி விழேல்லை அண்ணை. வியாழன் பின்னேரம் இவை இரண்டு பேரும் கடைக்குப் போட்டினம். நான் தனிய ஹோலிலை நிண்டனான். நீங்கள் பஞ்சுக்கு நடுவிலை அந்தச் சிரிப்பைச் சிரிச்சுக்கொண்டு நிண்டியள். எனக்கு அந்த மூண்டாம் வரிசை ஞாபகம் வந்திட்டுது. கதவிலை கிடந்த வளையத்தைக் கழட்டிக்கொண்டு வந்து, என்ரை இரண்டு கையாலையும் உங்கடை கழுத்திலை போட்டுவிட்டு, படத்துக்கு இனிக் கூப்பிடுங்கோ பாப்பம் எண்டு சொல்லிச் சிரிச்சனான். மாஸ்டர் நோட்டீஸை வாசிக்கேக்கை நான் குழறினது நீங்கள் செத்ததுக்கில்லை, நான்தான் சாக்காட்டிப்போட்டன் எண்டு நினைச்சு. இப்ப வளையம் திரும்பக் கதவிலை, அதே ஆணியிலை தொங்குது. வந்து மணி அடிக்கேக்கை ஒருக்கால் ஆட்டிப் பாருங்கோ, ஆணி நல்ல இறுக்கம்.